கழுத்துக் கட்டிக்கு ஊசிப் பரிசோதனை: எந்த அளவுக்கு நம்பலாம்?

கழுத்திலோ காதுக்குக் கீழேயோ கட்டி தென்பட்டால் மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதிக் கொடுப்பது எஃப்.என்.ஏ.சி. என்னும் ஊசிப் பரிசோதனைதான். என் அக்காவுக்கு அதைச் செய்தபோது உடனிருந்தவன் என்ற முறையிலும், அதன்பின் இதைப் பற்றித் தேடிப் படித்தவன் என்ற முறையிலும் என் மதிப்பீட்டைச் சொல்கிறேன்.

22 முதல் 25 கேஜ் (ஊசியின் தடிமனைக் குறிக்கும் அளவு) வரையிலான மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, முன்னும் பின்னுமாகச் சில முறை அசைத்து, அதில் ஏறிய துளியைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். முழு மயக்க மருந்து வேண்டாம், தழும்பும் விழாது. கழுத்து நெறியை (நிணநீர்க் கணுவை) எடுத்த எடுப்பில் வெட்டி எடுத்துவிட்டால், அது புற்றுநோயாக இருக்கும் பட்சத்தில் பின்னர் செய்ய வேண்டிய அறுவை சிகிச்சை சிக்கலாகக்கூடும் என்பதால், ஊசியில் தொடங்குவதே சரி என்று நானும் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் அறிக்கையில் வரும் எல்லா முடிவுகளுக்கும் ஒரே எடை கிடையாது. 'புற்றுநோய்' என்று தெளிவாக வந்தால் அது தவறாக இருப்பது அரிது. 'புற்றுநோய் செல்கள் இல்லை' என்பதை அதே உறுதியோடு ஏற்க முடியாது, ஏனெனில் ஊசிமுனை தொட்ட இடத்தில் இல்லை என்பதுதான் அதன் பொருள். அக்காவின் கட்டியில் முதலில் பழுப்பு நிறத் திரவம் மட்டுமே வந்தது. வெறும் நீர்க்கட்டிதான், கவலை வேண்டாம் என்று அந்த மருத்துவமனையில் சொல்லி அனுப்பியது பெரும் தவறு என்றே இன்றும் கருதுகிறேன். வேறோரிடத்தில் அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே கட்டியின் திடமான சுவரிலிருந்து எடுத்தபோதுதான், அது நெறிக்குப் பரவிய பாப்பிலரி வகைத் தைராய்டு புற்றுநோய் என்பது தெரிந்தது. டான்சிலில் தொடங்கும் புற்றுநோயும் இப்படி நீர்க்கட்டி வடிவில் கழுத்துக்கு வருவதுண்டு. ஆகவே நடுவயதைக் கடந்தவரின் கழுத்தில் புதிதாகத் தோன்றும் நீர்க்கட்டியை ஒரே ஊசியோடு விட்டுவிடக் கூடாது.

தைராய்டு முடிவுகளைப் பெதஸ்டா முறையில் 6 பிரிவுகளாகவும், உமிழ்நீர்ச் சுரப்பி முடிவுகளை 2018-இல் வெளியான மிலன் முறையிலும் வகைப்படுத்துகிறார்கள். இந்த ஒழுங்கு பாராட்டத்தக்கது. எனினும் ஃபாலிக்குலர் வகைத் தைராய்டு கட்டி புற்றா, சாதாரணக் கட்டியா என்பதை எவ்வளவு திறமையான கை ஊசி போட்டாலும் சொல்ல முடியாது. செல்கள் கட்டியைச் சுற்றியுள்ள உறையையோ ரத்தக் குழாயையோ ஊடுருவியிருக்கின்றனவா என்று கட்டியை முழுமையாக எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோயோ என்ற சந்தேகம் இருந்தால் திசுவின் அமைப்பே தேவைப்படுவதால், தடித்த ஊசியால் எடுக்கும் கோர் பயாப்சியோ, நெறியை முழுதாக எடுப்பதோ வேண்டியிருக்கும்.

இந்தப் பரிசோதனைக்குப் போகிறவர்கள், ஸ்கேன் பார்த்தபடி ஊசி செலுத்துவார்களா என்றும், போதிய செல்கள் கிடைத்தனவா என்று அங்கேயே ஒருவர் ஸ்லைடைப் பார்ப்பாரா என்றும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கட்டி கையில் தட்டுப்படும் விதமும் ஸ்கேனும் ஒன்றைச் சொல்ல, அறிக்கை வேறொன்றைச் சொன்னால், மறுபடி எடுக்கும்படி தயங்காமல் வற்புறுத்துங்கள்.