புது எடிட்டரா, பழைய எடிட்டரா? வேர்ட்பிரஸ் 5.0 தந்த நான்கு வழிகள்

வலைப்பதிவுகளையும் இணையதளங்களையும் நடத்த உதவும் மென்பொருள் வேர்ட்பிரஸ். அதன் 5.0 பதிப்பு 2018 டிசம்பர் 6 அன்று வெளியானது. அன்று முதல் எழுதும் இடமே மாறிவிட்டது. அதுவரை ஒரே பெரிய பெட்டியில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தட்டிக்கொண்டே போவோம். அந்த இடத்தில் பத்திக்கு ஒரு பிளாக், படத்துக்கு ஒரு பிளாக், அட்டவணைக்கு ஒரு பிளாக் என்று கூட்டன்பர்க் எனப்படும் பிளாக் எடிட்டர் வந்து உட்கார்ந்தது. அப்டேட் பட்டனைத் தொடாமலே இருந்துவிட்டவர்களைக் கேட்டால், "அந்த எடிட்டர் எனக்குச் சரிப்பட்டு வராது" என்பார்கள்.

இங்கேதான் ஒரு குழப்பம். மென்பொருளின் பதிப்பு வேறு, எழுதும் எடிட்டர் வேறு. எடிட்டர் பிடிக்கவில்லை என்பதற்காகப் பதிப்பை நிறுத்திவைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

முதலில், அப்டேட் செய்து பிளாக் எடிட்டருக்கே போய்விடுவது. படமும் எழுத்தும் மாறி மாறி வரும் பதிவுகளுக்கு இதைவிட வசதி கிடையாது. புது வரியில் சாய்கோடு ஒன்றைத் தட்டினால் போதும், பிளாக்குகளின் பட்டியல் அங்கேயே விரியும். நான்காவது படம் இரண்டாவதாக வர வேண்டுமா? அந்தப் பிளாக்கின் மேலே இருக்கும் அம்புக்குறியை அழுத்தினால் நகர்ந்துவிடும். பழைய எடிட்டரில் இதே வேலைக்குப் படத்தை வெட்டி ஒட்டி, அது எந்தப் பத்திக்குள் போய் ஒட்டிக்கொண்டது என்று தேட வேண்டியிருந்தது.

ஆனால் நீளமாக எழுதுபவர்களின் மனத்தாங்கலில் நியாயம் இருந்தது. ஒரு பத்தியின் நடுவிலிருந்து அடுத்த பத்தியின் நடுவரை இழுத்துத் தேர்ந்தெடுத்தால், தொடக்கத்தில் இரண்டு பத்தியும் முழுசாகத் தேர்வாகிவிடும். எழுதியதைத் திருத்தித் திருத்திச் செப்பனிடுபவருக்கு இது பெரிய தொல்லை. 2022 மே மாதம் வந்த 6.0 பதிப்பில்தான் இது சரியானது. முன்பு ஒருமுறை முயன்று கைவிட்டவர்கள் இதற்காகவாவது மறுபடி திறந்து பார்க்கலாம்.

இரண்டாவது, அப்டேட் செய்துவிட்டு, பழைய எடிட்டரைத் திருப்பித் தரும் 'கிளாசிக் எடிட்டர்' என்ற பிளகினை, அதாவது துணை மென்பொருளை, போட்டுக்கொள்வது. வேர்ட்பிரஸ் குழுவே தரும் இலவசப் பிளகின் இது. பல லட்சம் தளங்களில் ஓடுகிறது. வெறும் எழுத்து மட்டுமே உங்கள் பதிவு என்றால் என் ஓட்டு இதற்குத்தான். செட்டிங்ஸ் பக்கத்தில் இரண்டு எடிட்டருக்கும் இடையே மாறிக்கொள்ளும் வசதியைத் திறந்துவிட்டால், எந்தப் பதிவை எதில் கடைசியாகத் திருத்தினீர்களோ அது அதிலேயே திறக்கும். நான் கட்டுரைகளைப் பழையதிலும், படங்களோடு வரும் செய்முறைகளைப் புதியதிலும் எழுதுகிறேன்.

ஒரே பதிவை மட்டும் இரண்டிலும் மாற்றி மாற்றித் திறக்காதீர்கள். பிளாக் எடிட்டர் ஒவ்வொரு பிளாக்கின் முன்னும் பின்னும் ஒரு ஹெச்டிஎம்எல் கமென்ட்டை (பக்கத்தில் தெரியாத மறைகுறிப்பை) வைத்துத்தான் அதை அடையாளம் காண்கிறது. பழைய எடிட்டரில் கை வைக்கும்போது அந்த அமைப்பு கலைந்தால், திரும்பப் போகும்போது பிளாக்கில் எதிர்பாராத உள்ளடக்கம் இருக்கிறது என்ற எச்சரிக்கை வந்து நிற்கும்.

மூன்றாவது, அப்டேட் செய்யாமல் 5.0-க்கு முந்தைய 4.9 பதிப்பிலேயே தங்கிவிடுவது. இதை யாருக்கும் சொல்ல மாட்டேன். முழு ஆதரவு எப்போதும் கடைசிப் பதிப்புக்கு மட்டும்தான். புதுப் பிளகின்கள் பழைய பதிப்பைக் கைவிட்டுக்கொண்டே போகும். இது போதாதென்று, வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் நிரல்மொழி பிஎச்பி. 4.9 எழுதப்பட்ட காலத்தில் பிஎச்பி 8 இல்லவே இல்லை. தளம் இருக்கும் சர்வரில் பிஎச்பியை உயர்த்தினால், நேற்றுவரை ஓடிய தளம் இன்று வெள்ளைப் பக்கமாக நிற்கலாம்.

நான்காவது, கிளாசிக்பிரஸ். பிளாக் எடிட்டர் வேண்டாம் என்றவர்கள் வேர்ட்பிரஸிலிருந்து பிரிந்து தனியாக வளர்த்துவருவது. கொள்கைப் பிடிப்போடு போகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது நீங்கள் நம்பியிருக்கும் பிளகின்கள் எல்லாம் அங்கே ஓடுமா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டுப் போங்கள்.

பழைய பதிவுகள் என்ன ஆகும் என்ற பயம் பலருக்கு உண்டு. ஒன்றும் ஆகாது. அப்டேட் அவற்றைத் தொடுவதில்லை. புது எடிட்டரில் திறந்தால் முழுப் பதிவும் ஒரே 'கிளாசிக்' பிளாக்காக நிற்கும். பிளாக்குகளாக மாற்றச் சொல்லி நீங்கள் அழுத்தினால்தான் பிரியும். அதையும் முதலில் முக்கியமில்லாத ஒரு பதிவில் செய்து பாருங்கள், குறிப்பாக உள்ளே அட்டவணை இருந்தால்.

அப்புறம், பேக்கப். எழுத்தெல்லாம் டேட்டாபேஸில் இருக்கிறது, படங்கள் அப்லோட்ஸ் ஃபோல்டரில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் எடுத்துவைத்தால் பாதித் தளம்தான் திரும்பக் கிடைக்கும். இரண்டையும் உங்கள் கணினிக்கு இறக்கிவைத்த பிறகு அப்டேட் பட்டனை அழுத்துங்கள்.