கால்குலஸ் 2: எந்தப் பாதிக்கு எந்தத் துணை?

அமெரிக்காவில் பொறியியலோ இயற்பியலோ படிக்கச் சேரும் மாணவர் பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே சந்திக்கும் பாடம் ‘கால்குலஸ் 2’, அதாவது நுண்கணிதத்தின் இரண்டாம் பாகம். வகையிடலும் தொகையிடலின் தொடக்கமும் முதல் செமஸ்டரில் முடிந்திருக்கும். இரண்டாம் செமஸ்டரில் தொகையிடும் முறைகள், முறையற்ற தொகைகள், கன அளவு, வில்லின் நீளம் ஆகியவை வரும். அதன் பிறகு தொடர்முறைகள், முடிவிலித் தொடர்கள், டெய்லர் தொடர். பல இடங்களில் துருவ ஆயத்தொலைவுகளும் உண்டு.

எதை வைத்துப் படிப்பது என்று கேட்டால் எங்கும் ஒரே பட்டியல்தான் கிடைக்கிறது: எம்.ஐ.டி.யின் திறந்த பாடங்கள், ஓப்பன்ஸ்டாக்ஸ் புத்தகம், ‘பாலின் குறிப்புகள்’ என்ற இணையப் பக்கம், கான் அகாடமி, யூடியூப் விரிவுரைகள். பட்டியலில் குறை இல்லை. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து ‘எது சிறந்தது’ என்று கேட்பதுதான் மாணவர்களை அலைக்கழிக்கிறது. இந்தப் பாடத்துக்குள் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. முதல் பாதியில், எழுதிய விடை சரியா என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். இரண்டாம் பாதியில் அது அவ்வளவு எளிதல்ல. எந்தத் துணையை எப்போது நாடுவது என்பதை இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே நான் முடிவு செய்வேன்.

முதலில் எதிர்பார்ப்பு. வகுப்பில் ஒரு மணி நேரம் என்றால் வெளியே இரண்டு மணி நேர உழைப்பு என்பது அமெரிக்கக் கூட்டரசின் கிரெடிட் வரையறையிலேயே இருக்கிறது. நான்கு கிரெடிட் பாடத்துக்கு அது வகுப்பையும் சேர்த்து வாரம் 12 மணி நேரம். அடுத்த செமஸ்டரின் பல மாறி நுண்கணிதத்துக்குப் போக, பல பல்கலைக்கழகங்கள் இதில் குறைந்தது ‘சி’ தரம் கேட்கின்றன. தேர்வில் கால்குலேட்டரோ சூத்திரத் தாளோ அனுமதிக்காத துறைகளும் நிறைய. எது அனுமதி, எது இல்லை என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். பயிற்சி செய்யும் விதமே அதைப் பொறுத்து மாறும்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்துவிட்டுப் போகிறவருக்கு முதல் பாதி பழகிய நிலம். பிரதியிடல், பகுதித் தொகையிடல், பகுதிப் பின்னங்கள் ஆகியவை பதினொன்றாம் வகுப்பிலேயே வந்துவிடுகின்றன. குறைப்புச் சூத்திரங்களும் காமா தொகையும் சுழற்சியால் உண்டாகும் கன அளவும் பன்னிரண்டில் வருகின்றன. பெர்னோலி சூத்திரம் என்று நாம் படித்ததை அங்கே அட்டவணை முறை என்பார்கள். தேர்வில் அதை ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்தால், படிகள் எங்கே என்று திருத்துபவர் கேட்கக்கூடும். இந்தப் பழக்கம் தரும் நம்பிக்கை நல்லதுதான், ஆனால் அது பாதிப் பாடத்துக்கு மட்டுமே. ஒரு தொடரின் கூட்டுத்தொகை ஓர் எண்ணில் அடங்குமா (ஒருங்குமா), அடங்காதா (விரியுமா) என்று சோதனைகளை வைத்து நிறுவும் வேலை பள்ளியில் நாம் செய்யாதது. முதல் ஆறு வாரங்களை எளிதாகக் கடந்தவர்கள் பிற்பாதியில் தடுமாறுவதை உதவி வகுப்புகளில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தொகையிடலில் கடினமானது கணக்குப் போடுவது அல்ல, முறையைத் தேர்ந்தெடுப்பது. எக்ஸையும் சைன் எக்ஸையும் பெருக்கித் தொகையிடச் சொன்னால் பகுதித் தொகையிடல் வேண்டும். எக்ஸையும் எக்ஸ் வர்க்கத்தின் சைனையும் பெருக்கிக் கொடுத்தால் பிரதியிடல் போதும், ஒரே வரியில் முடியும். முன்னால் நிற்கும் எக்ஸை நீக்கிவிட்டு எக்ஸ் வர்க்கத்தின் சைனை மட்டும் கொடுத்தால், நாம் அறிந்த சாதாரணச் சார்புகளைக் கொண்டு விடை எழுதவே முடியாது. பார்வைக்கு மூன்றும் ஒரே குடும்பம். ‘பகுதித் தொகையிடல்’ என்று தலைப்பிட்ட பயிற்சியில் முதல் கணக்கைச் செய்தவர் தேர்வுக்குத் தேவையான திறனைத் தொடவே இல்லை. தலைப்பே அவருக்காக முடிவெடுத்துவிட்டது.

இந்த அளவுகோலில் கான் அகாடமி பின்தங்குகிறது. இலவசம், தெளிவு, உடனுக்குடன் சரிபார்ப்பு என்று அதற்குப் பல நிறைகள் உண்டு. ஆனால் அதன் பயிற்சிகள் பெரும்பாலும் ஒரு திறனுக்கு ஒன்று என்று பெயரிடப்பட்டவை. குறுந்தேர்வு, அலகுத் தேர்வு போன்றவற்றில்தான் கலவை வருகிறது. மறந்துபோன ஒரு முறையை அரை மணி நேரத்தில் மீட்டெடுக்க அதைவிட நல்ல இடம் இல்லை. முழுப் பாடத்தையும் அதில் சாய்த்துவிடக் கூடாது.

பாலின் குறிப்புகள் வேறு வகை. டெக்சாஸில் உள்ள லமார் பல்கலைக்கழகத்தின் பால் டாக்கின்ஸ் தம் மாணவர்களுக்காக எழுதி இணையத்தில் இட்டவை இவை. கால்குலஸ் 2 பகுதியில் ‘தொகையிடும் உத்தி’ என்று ஒரு பிரிவே இருக்கிறது. எந்தக் கணக்குக்கு எந்த முறை, முதல் முயற்சி தோற்றால் அடுத்து என்ன என்பதை மட்டும் பேசும் பிரிவு. தொடர்களுக்கும் அதேபோல் ஓர் உத்திப் பிரிவு உண்டு. இத்தனை இலவசக் குறிப்புகளில் நான் முதலில் கையில் கொடுப்பது இந்த இரண்டு பிரிவுகளைத்தான்.

அவருடைய கணக்குகளும் இரண்டு வகை: படிப்படியான விடையோடு வரும் பயிற்சிக் கணக்குகள், விடையே தரப்படாத ஒப்படைப்புக் கணக்குகள். மாணவர்கள் முன்னதில் தங்கிவிடுகிறார்கள். விடையை ஒரு சொடுக்கில் பார்த்து, ‘ஆமாம், இப்படித்தான் செய்திருப்பேன்’ என்று தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள். தொகையிடலைப் பொறுத்தவரை நான் இரண்டாம் வகையையே பரிந்துரைப்பேன். வந்த விடையை வகையிடுங்கள். கொடுத்த சார்பு திரும்ப வந்தால் சரி, வராவிட்டால் தவறு. விடைப்பட்டியல் தேவையில்லை, ஆசிரியரும் தேவையில்லை. கூடவே முதல் செமஸ்டரின் வகையிடல் பயிற்சியும் துருப்பிடிக்காமல் இருக்கும்.

இதே இடத்தில் எம்.ஐ.டி.யின் 18.01 என்ற எண்ணுள்ள நுண்கணிதப் பாடமும் வலுவானது. டேவிட் ஜெரிசன் 2006 இலையுதிர் காலத்தில் நடத்திய வகுப்புகள் முழுமையாகப் பதிவாகியிருக்கின்றன. கணக்குத் தாள்களும் தேர்வுகளும் விடைகளும் சேர்ந்தே கிடைக்கின்றன. தேர்வுத் தாள்களில் கலவை உண்டு, கடுமையும் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மற்ற பல்கலைக்கழகங்கள் இரண்டு செமஸ்டரில் நடத்துவதை எம்.ஐ.டி. ஒன்றில் முடித்துவிடுகிறது. உங்கள் பாடத்தில் பல வாரங்களை எடுத்துக்கொள்ளும் முடிவிலித் தொடர்கள் அங்கே கடைசிச் சில விரிவுரைகளில் அடங்கிவிடும். எம்.ஐ.டி. என்ற பெயரை நம்பிப் பிற்பாதிக்கும் அதையே பிடித்துக்கொண்டால் பயிற்சி போதாமல் போகும்.

யூடியூப் விரிவுரைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிராண்ட் சாண்டர்சன் 2017-இல் வெளியிட்ட நுண்கணித வரிசை அழகானது. டெய்லர் தொடர் பற்றிய அதன் பகுதியை யாரும் தவறவிடக் கூடாது. அது கருத்தைக் காட்டும், கையைப் பழக்காது. மணிக்கணக்கில் ஓடும் முழு வகுப்புப் பதிவுகள் வகுப்பைத் தவறவிட்ட நாளுக்கு உதவும். 12 மணி நேரத்தில் பாதியை அவை விழுங்கிவிட்டால் பேனா பிடிக்க நேரம் இருக்காது.

பணம் கொடுத்து வாங்கும் புத்தகமா, இலவசப் புத்தகமா என்ற கேள்வியில் பலரும் தவறான இடத்தைப் பார்க்கிறார்கள். ஓப்பன்ஸ்டாக்ஸின் ‘கால்குலஸ் 2-ஆம் தொகுதி’ ரைஸ் பல்கலைக்கழகத்திலிருந்து இலவசமாக வருவது. எம்.ஐ.டி.யின் கில்பர்ட் ஸ்ட்ராங்கும் எட்வின் ஹெர்மனும் அதன் முதன்மை ஆசிரியர்கள். ஏழு அத்தியாயங்களும் கால்குலஸ் 2 பாடத்திட்டத்தோடு ஏறக்குறைய அப்படியே பொருந்துகின்றன. கணக்குகளின் எண்ணிக்கையில் ஸ்டூவர்ட், தாமஸ் போன்ற விலையுள்ள புத்தகங்கள் முந்தும், விளக்கத்தில் பெரிய இடைவெளி இல்லை. செலவு உண்மையில் எழுவது வீட்டுப்பாட மென்பொருளில். ஸ்டூவர்ட்டோடு வெப்அசைன், தாமஸோடு பியர்சனின் மைலேப் என்று கணக்குகளை இணையத்தில் சமர்ப்பிக்கும் அமைப்புகள் இணைகின்றன. அதற்கான நுழைவுக் குறியீடு ஒவ்வொரு மாணவருக்கும் தனி. பழைய பதிப்பை மலிவாக வாங்கியவர் குறியீட்டுக்குத் தனியாகப் பணம் கட்ட நேரும். ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பிறந்த வெப்வொர்க் என்ற கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தும் துறைகளில் இந்தச் சிக்கல் இல்லை. பாடத்திட்ட அறிவிப்பு கைக்கு வரும்வரை எதையும் வாங்காமல் இருங்கள்.

இனி இரண்டாம் பாதி. 1 + 1/2 + 1/3 + 1/4 என்று போகும் தொடரின் உறுப்புகள் பூச்சியத்தை நெருங்குகின்றன, ஆனாலும் கூட்டுத்தொகை எல்லையின்றி வளர்கிறது. எவ்வளவு மெதுவாக என்றால், 10-ஐத் தாண்டவே 12,367 உறுப்புகள் வேண்டும். கால்குலேட்டரைத் தட்டிப் பார்ப்பவர் அது எங்கோ நின்றுவிடும் என்றே நினைப்பார். இங்கே கணக்குப் போடும் வேகம் உதவாது. காரணம் எழுதத் தெரிய வேண்டும்.

இரண்டு தொடர்களைப் பாருங்கள். ஒன்று 1/2 + 1/5 + 1/10 + 1/17 என்று போகிறது. பகுதிகள் வர்க்க எண்களைவிட ஒன்று கூட. மற்றது 1/3 + 1/8 + 1/15 + 1/24 என்று போகிறது. பகுதிகள் 4, 9, 16, 25 என்ற வர்க்கங்களைவிட ஒன்று குறைவு. இரண்டும் ஒருங்குகின்றன. முதலாவதற்கு, வர்க்கங்களின் தலைகீழிகளால் ஆன தொடர் ஒருங்கும், இதன் ஒவ்வோர் உறுப்பும் அதைவிடச் சிறியது, எனவே இதுவும் ஒருங்கும் என்று எழுதினால் முழு மதிப்பெண். இரண்டாவதை 1/4, 1/9, 1/16 என்ற தலைகீழிகளோடு ஒப்பிட்டு அதே வாசகத்தை எழுதினால் மதிப்பெண் போய்விடும். அங்கே உறுப்புகள் பெரியவை; ஒருங்கும் தொடரைவிடப் பெரியது என்பதிலிருந்து எதுவும் கிடைக்காது. எல்லை ஒப்பீட்டுச் சோதனைக்குப் போகலாம், அல்லது பகுதிப் பின்னங்களாகப் பிரித்துக் கூட்டுத்தொகை 3/4 என்றே காட்டிவிடலாம். விடைப்பட்டியலிலோ இரண்டுக்கும் ‘ஒருங்கும்’ என்ற ஒரே சொல்தான் இருக்கும். ஓப்பன்ஸ்டாக்ஸின் பின்பக்கத்தில் ஒற்றைப்படைக் கணக்குகளுக்கு விடை உண்டு. அதைப் பார்த்துச் சரி என்று குறியிட்டுக்கொண்டவர் தம் காரணம் தவறு என்பதைத் தேர்வில்தான் அறிவார்.

வோல்ஃப்ராம் ஆல்ஃபா போன்ற, கணக்குக்கு விடை தரும் இணையக் கருவிகளும் இந்த இடத்தில் கைகொடுப்பதில்லை. தொகையிடலில் விடையைச் சரிபார்க்க அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். தொடருக்கு அது ஒருங்கும் என்று சொல்லும், எந்தச் சோதனை என்றும் சொல்லலாம். நீங்கள் எழுதிய சமனின்மை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்காது. அதற்கு, நீங்கள் எழுதியதை வாசிக்கும் ஒருவர் வேண்டும்.

அதனால் பிற்பாதிக்கு என் தேர்வு இணையத்தில் இல்லை. பேராசிரியரின் அலுவலக நேரமும் பல்கலைக்கழகத்தின் கணித உதவி மையமும்தான் முதலிடம். பாலின் விடையுள்ள பயிற்சிக் கணக்குகள் அடுத்தது. முற்பாதியில் ஒதுக்கச் சொன்ன அதே விடைகளை இங்கே வரிவரியாக வாசிக்க வேண்டும், நீங்கள் எழுதி முடித்த பிறகு. நம் மாணவர்கள் பலருக்குப் பேராசிரியரின் அறைக்குப் போவது கூச்சமாக இருக்கிறது. பலவீனத்தைக் காட்டிக்கொள்வதாக எண்ணுகிறார்கள். அந்த நேரம் மாணவர்களுக்காகவே ஒதுக்கப்பட்டது, நீங்கள் கட்டும் கட்டணத்தில் அடங்கியது. ‘தொடர்கள் புரியவில்லை’ என்று வெறுங்கையோடு போகாதீர்கள். மூன்று தொடர்களுக்கு முழு நிரூபணம் எழுதிக்கொண்டு போய், எந்த வரியில் மதிப்பெண் குறைப்பீர்கள் என்று கேளுங்கள். தேர்வுக்கு முந்தைய நாள் அந்த அறை வாசலில் வரிசை நிற்கும். தொடர்கள் தொடங்கிய முதல் வாரமே போனால், எழுதியதை முழுவதும் வாசிக்க அவருக்கு நேரம் இருக்கும்.