கிளாம்ப் தூங்கியதா, இன்ஜெக்டர் செத்ததா?

பட்டர்வொர்த்தில் இருக்கும் நண்பன் ஒருவன், ஆன்லைனில் ஒரு கிளாம்பின் விலை குறைந்திருப்பதைப் படம்பிடித்து அனுப்பி "மச்சான், வாங்கலாமா?" என்று கேட்டான். ஒயரைக் கவ்வி அதில் ஓடும் கரண்டை அளந்து, ஸ்கோப்பில் (திரையில் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்) செருகும் டிசி கரண்ட் கிளாம்ப், 65 ஆம்பியர், 9 வோல்ட் பேட்டரி, இதெல்லாம் அவனுக்கே தெரியும். கோலாலம்பூர் செந்தூலில் வீட்டு போர்ச்சில் வைத்து ரெண்டு வருஷத்துக்கு மேல் இதோடு மல்லுக்கட்டிய எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: இந்தச் சனியன் தானாகவே ஆஃப் ஆகிவிடும்.

ஆஃப் ஆனால் திரும்ப ஆன் செய்ய வேண்டியதுதானே என்பீர்கள். எஞ்சின் சூடான பிறகு எப்போதாவது ஒரு தடவை, பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர் வேலை செய்யாமல் விடுகிறது என்று ஒரு மைவி கார் வருகிறது என்று வையுங்கள். அந்த ஒரு தடவையைப் பிடிக்கத்தான் கிளாம்பை மாட்டி, ஏர்கானைப் போட்டு, ஐடிலில் ஓடவிட்டு, கேஎல் வெயிலில் வியர்த்து வழியக் காத்திருக்கிறோம். அப்போது பார்த்து கிளாம்ப் தூங்கிவிடும். திரையில் தட்டைக் கோடு. இன்ஜெக்டருக்குக் கரண்ட் நின்றாலும் அதே தட்டைக் கோடுதான்! தேடுகிற நோயை அப்படியே நடித்துக் காட்டும் கருவியை எந்தப் புண்ணியவான் வடிவமைத்தானோ. சில கிளாம்புகளில் பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்தால் இந்தத் தூக்கம் ரத்தாகும். என்னுடையதில் அதுவும் கிடையாது. எஞ்சின் உதறுகிறதா இல்லையா என்று காதை வைத்துக் கேட்டுத்தான் யார் செத்தது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

சரி, நியாயமும் பேச வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணன் காடியில் (கார்தான்) ஐடில் நடுக்கம். ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிளக், காயில் எல்லாம் மாற்றிக் காசு வாங்கிவிட்டார்கள், நடுக்கம் போகவில்லை. மீட்டரில் பார்த்தால் நான்கு இன்ஜெக்டரும் 12 ஓமுக்குக் கொஞ்சம் மேலே, எல்லாம் சுத்தம். இன்ஜெக்டர்களுக்குக் கரண்ட் போகும் ஃப்யூஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஃப்யூஸோடு ஒரு ஒயர் வளையம் போட்டு, அதில் கிளாம்பை மாட்டினேன். நான்கு இன்ஜெக்டரும் வரிசையாக ஒரே திரையில் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் வளைந்து ஏறி ஒரு ஆம்பியர் பக்கம் போகும். ஏறும் வழியில் ஒரு மில்லிசெகண்டைத் தாண்டி ஒரு சின்னக் குழிவு தெரிய வேண்டும். இன்ஜெக்டருக்குள் பெட்ரோல் வழியைத் திறக்கும் ஊசி எழும்பும்போது அதன் காயிலின் இண்டக்டன்ஸ் (கரண்ட் மாறுவதை எதிர்க்கும் குணம்) மாறுவதால் வரும் குழிவு அது. மூன்றில் இருந்தது. ஒன்று மட்டும் மழமழவென்று ஏறியது. கரண்ட் போகிறது, ஊசி அசையவில்லை. ஓம் மீட்டர் இதை ஜென்மத்துக்கும் காட்டாது.

எந்த சிலிண்டர் என்று தெரிய, முதல் இன்ஜெக்டரின் கண்ட்ரோல் ஒயரை இரண்டாவது சேனலில் வைத்து, ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2 என்று எண்ணிக்கொண்டு போக வேண்டும். அந்த ஒயரில் ஆஃப் ஆகும் கணத்தில் 60, 70 வோல்ட் உதைக்கும், அதனால் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் அட்டனுவேட்டர் இல்லாமல் மலிவு ஸ்கோப்பைச் செருகாதீர்கள். சில காடிகளில் அதே ஃப்யூஸில் இக்னிஷன் காயிலும் சேர்ந்திருக்கும், அப்போது படம் குழம்பும், ஒவ்வொரு இன்ஜெக்டராகத்தான் மாட்ட வேண்டும்.

இன்னொரு சந்தோஷம், அந்த ஒயர் வளையத்தைக் கிளாம்பின் வாய்க்குள் ஐந்து சுற்று சுற்றினால் சிக்னலும் ஐந்து மடங்கு. சூட்டில் கிளாம்பின் ஜீரோ (கரண்ட் இல்லாதபோது காட்டும் அளவு) நகர்ந்துகொண்டே போகும் தொல்லை இதில் பாதிக்கு மேல் மறைந்துபோகிறது. ஸ்டார்டர் கரண்டை ஒருமுறை அளந்துவிட்டால் கிளாம்பின் இரும்பில் காந்தம் தங்கி ஜீரோ எங்கோ போய் நிற்கும், அது வேறு கதை.

அப்புறம், குழிவு இருக்கிறது, அதனால் இன்ஜெக்டர் நல்லது என்று அடித்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள். ஊசி எழும்பியது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. நுனியில் அடைப்பு இருந்தால் பெட்ரோல் குறைவாகத்தான் வரும், அதைக் கிளாம்ப் காட்டாது, எவ்வளவு பீச்சுகிறது என்று அளக்கும் ஃப்ளோ டெஸ்டுக்குத்தான் அனுப்ப வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும், இந்த விலைக்குக்கூட வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஸ்கோப்பிலிருந்தே பவர் எடுத்துக்கொள்ளும் கிளாம்புகள் இருக்கின்றன, விலையைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும், ஆனாலும் காசு சேர்த்து அதை வாங்குங்கள். என்னுடையதை விலைக்குக் கேட்காதீர்கள், தர மாட்டேன். வரும் ஞாயிறு செராஸிலிருந்து ஒரு சாகா கார் வருகிறது, சூடானால் உதறுகிறதாம்.