கிளாம்ப் சி.டி.யா, டி.பி.க்குள் மீட்டரா?

மாடியில் 3 கிலோவாட் சோலார், போர்ட்டிகோவில் மின்கார் என்று மதுரையில் பல வீடுகள் மாறிக்கொண்டிருக்கின்றன. கூடவே ஒரு புகாரும் வருகிறது. மண்டை பிளக்கிற மத்தியான வெயிலிலும் கார் ஈ.பி. கரண்ட்டைத்தான் இழுக்கிறது என்பார்கள். இல்லாவிட்டால், ராத்திரி ஏ.சி.யும் சார்ஜரும் சேர்ந்து மெயினை ட்ரிப் ஆக்குகிறது என்பார்கள். இன்வெர்ட்டரைத் திட்டுவதற்கு முன்னால், வீட்டுக்குள் வரும் மெயின் ஒயரில் கரண்ட்டை அளக்கிற சின்னச் சாமானைப் பார்த்துவிட வேண்டும். அது சொல்லும் எண்ணை வைத்துத்தான் எவ்வளவு இழுக்கலாம் என்று சார்ஜர் முடிவு செய்கிறது.

அதில் இரண்டு வகை உண்டு. ஒயரை வெட்டாமல் கவ்வி மாட்டுகிற கிளாம்ப் சி.டி. (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) ஒன்று. மெயின் ஒயரே உள்ளே புகுந்து வெளியேறும் மீட்டர் இன்னொன்று. இது டி.பி. என்கிற மெயின் பெட்டியில், ட்ரிப் ஆகும் எம்.சி.பி. சுவிட்ச் வரிசையிலேயே உட்கார்ந்து, ஆர்.எஸ்.485 என்ற டேட்டா ஒயர் வழியாக இன்வெர்ட்டரோடு பேசும். வைஃபை கிளாம்ப்பும் கடைகளில் கிடைக்கிறது. போனில் யூனிட் பார்க்க அது போதும். நெட் விட்டு விட்டு வருகிற வீட்டில் அதை நம்பி சார்ஜரை அடக்க நினைப்பது வீண், எனவே அது இந்தப் போட்டியில் இல்லை.

துல்லியத்தில் வீட்டுக் கணக்குக்கு இரண்டுமே போதும். நான் பார்ப்பது, கோளாறு வந்தால் எது தானே காட்டிக்கொடுக்கும் என்பதைத்தான். கிளாம்ப் தப்பான எண்ணையும் சரியான எண் மாதிரியே கூசாமல் சொல்லும். மீட்டர் பெரும்பாலும் சரியாகச் சொல்லும், இல்லையென்றால் ஒரேயடியாகப் பேசாமல் போய்விடும்.

கிளாம்ப்பைத் திருப்பி மாட்டுவது அடிக்கடி நடக்கிற கூத்து. சோலார் 3 கிலோவாட் தருகிறது, வீட்டுச் செலவு 1, மிச்சம் 2 வெளியே போகிறது என்று வையுங்கள். திருப்பி மாட்டிய கிளாம்ப் அந்த 2 கிலோவாட் உள்ளே வருகிறது என்று சொல்லும். ஆப்பும் அதைக் கூட்டி, வீட்டுச் செலவு 5 கிலோவாட் என்று காட்டும். மிச்ச வெயிலில் மட்டும் சார்ஜ் செய் என்று வைத்த கார் அசையாமல் கிடக்கும். பேட்டரி இல்லாத வீட்டில், ராத்திரி எட்டு மணிக்கு கரண்ட் வெளியே போகிறது என்று ஆப் சொன்னால் வேறு சாட்சியே வேண்டாம். கிளாம்ப்பில் உள்ள அம்பு ஈ.பி. பக்கம் பார்க்க வேண்டுமா, வீட்டுப் பக்கமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் காகிதத்தைப் படிக்காமல் மாட்டுகிற ஒயர்மேனை நம்பாதீர்கள்.

இதைவிடக் குழப்புவது மூன்று ஃபேஸ் வீடு. ஒரு ஃபேஸ் போனால் மாற்றிக்கொள்ள ஃபேஸ் சேஞ்சர் சுவிட்ச் நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. கிளாம்ப் அந்த சுவிட்சுக்குப் பிறகும், மின்னழுத்தம் பார்க்கும் ஒயர் அதற்கு முன்னாலும் இருந்தால், யாராவது சுவிட்சைத் திருப்பிய அன்றே கணக்கு கெட்டுவிடும். கரண்ட் மஞ்சள் ஃபேஸுடையது, ஒப்பிடும் வோல்டேஜோ சிவப்பு ஃபேஸுடையது. இரண்டுக்கும் நடுவே 120 டிகிரி விலகல். 2000 வாட் வாட்டர் ஹீட்டரைப் போட்டால் மைனஸ் 1000 என்று காட்டும். ஹீட்டரைப் போட்டதும் பாதி அளவு, அதுவும் மைனஸில் தெரிந்தால் கிளாம்ப்பை மாற்றிப் பணத்தை விடாதீர்கள். அது ஃபேஸ் மாறிய கோளாறு.

ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கவ்வினால் எப்போதும் பூஜ்யம்தான். வாய் முழுக்க மூடாமல் தூசி சிக்கியிருந்தால் குறைத்துக் காட்டும். ஒயரில் ஓடும் கரண்ட்டை 2000-ல் ஒரு பங்காகக் குறைத்துத் தரும் பழைய 2000:1 சி.டி. போன இடத்தில் கடைக்காரர் கொடுத்த 3000:1 சி.டி.யை மாட்டி, செட்டிங்கை அப்படியே விட்டால் 9 ஆம்பியர் 6 ஆகத் தெரியும். சார்ஜர் இன்னும் இடம் இருக்கிறது என்று நினைத்து ஏற்றிக்கொண்டே போகும், மெயின் விழும். இன்னொன்று, கரண்ட் ஓடும்போது சி.டி.யின் இரண்டு ஒயர்களையும் டெர்மினலிலிருந்து கழற்றக் கூடாது. சில வகைகளில் அந்த முனையில் ஆபத்தான வோல்டேஜ் ஏறும். மெயினை அணைத்துவிட்டுக் கை வையுங்கள்.

மீட்டருக்கு வருவோம். விலை கூடுதல், மெயின் ஒயரை வெட்ட வேண்டும், லைசென்ஸ் உள்ள ஒயர்மேன் வேண்டும். ஆனால் ஒவ்வொரு ஃபேஸின் கரண்ட்டும் வோல்டேஜும் ஒரே ஒயரில் எடுக்கப்படுவதால் மேலே சொன்ன ஃபேஸ் குழப்பத்துக்கு வழியே இல்லை. உள்ளே வரும் ஒயரையும் வெளியேறும் ஒயரையும் மாற்றி மாட்டினால் இதுவும் தலைகீழாகத்தான் காட்டும், ஆனால் டி.பி.யைத் திறந்து அதன் திரையிலேயே பார்த்துவிடலாம். இதன் வியாதி வேறு: டேட்டா ஒயரின் ஏ, பி முனைகள் மாறியிருக்கும், மீட்டரின் அடையாள எண்ணான அட்ரஸ் பொருந்தாது, பேசும் வேகம் 9600 என்று ஒரு பக்கமும் வேறொன்று மறுபக்கமும் இருக்கும். மாடி வரை போகும் ஒயரை அணில் கடித்திருக்கும், அழகர்கோவில் பக்கம் என்றால் குரங்கே பிய்த்திருக்கும். எதுவானாலும் இன்வெர்ட்டர் "மீட்டர் இல்லை" என்று எரர் காட்டிவிடும். கீழே டி.பி., மேலே மாடியில் இன்வெர்ட்டர் என்றிருக்கும் வீட்டுக்கு இதுதான் என் தேர்வு. மூன்று ஃபேஸ் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

சிங்கிள் ஃபேஸ், எல்லாம் ஒரே சுவரில், அப்படியானால் கிளாம்ப் போதும். இன்வெர்ட்டரும் சார்ஜரும் வேறு வேறு கம்பெனி என்றாலும் கிளாம்ப்புக்கே வசதி: ஒரே ஒயரில் ஆளுக்கொன்று மாட்டலாம், ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது. மீட்டரில் அது நடக்காது. அந்த ஆர்.எஸ்.485 ஒயரில் ஓடும் மோட்பஸ் என்ற பேச்சுமுறையில் கேள்வி கேட்பவர் ஒருவர்தான் இருக்க முடியும். இரண்டு பேர் கேட்டால் பதில்கள் மோதி, இருவருக்கும் விட்டு விட்டுத்தான் எண் வரும்.

எதை மாட்டினாலும் ஈ.பி. மீட்டர்தான் நடுவர். முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று போட்டிருந்தால், சிவப்பு விளக்கு ஒரு விநாடிக்கு ஒருமுறை மின்னும்போது 1125 வாட் ஓடுகிறது. இரண்டு விநாடிக்கு ஒருமுறை என்றால் அதில் பாதி. ஹீட்டரை மட்டும் போட்டு, போனில் ஸ்டாப்வாட்ச்சோடு வாசலில் நின்றால் போதும். சீலைத் தொடாமல் கண்ணால் பார்ப்பதோடு சரி.

எல்லாம் ஒத்துப்போயும் கார் வெயிலில் சார்ஜ் ஆகவில்லையா? சார்ஜர் மூன்று ஃபேஸா என்று பாருங்கள். கார் சார்ஜிங்குக்கான ஐ.இ.சி. 61851 விதிப்படி 6 ஆம்பியருக்குக் கீழே சார்ஜ் தொடங்காது. சிங்கிள் ஃபேஸில் அது 1.38 கிலோவாட், மூன்று ஃபேஸில் 4.14. மாடியில் இருப்பதோ 3 கிலோவாட். சார்ஜரை சிங்கிள் ஃபேஸுக்கு மாற்றும் செட்டிங் இருந்தால் அதைப் போடுங்கள். சென்சாரில் கை வைக்க வேண்டாம்.