சீன அஞ்சல் தலை வாங்குவோர் கவனத்திற்கு: 1955ஆம் ஆண்டு மறு அச்சுகள் முதல் அச்சாக விற்கப்படுகின்றன

சீன மக்கள் குடியரசின் தொடக்க கால அஞ்சல் தலைகளை இணையவழியில் வாங்க எண்ணும் சேகரிப்பாளர்கள், பணம் அனுப்பும் முன் இப்பதிவைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சீன அஞ்சல் தலைகளை மட்டுமே விற்கும் வெளிநாட்டு வணிகர் ஒருவரிடம் அக்குடியரசின் முதல் தொகுதியையும், 1980ஆம் ஆண்டின் குரங்கு அஞ்சல் தலையையும் வாங்கினேன். முதலாவது, முதல் அச்சின் விலைக்கு விற்கப்பட்ட மறு அச்சு. இரண்டாவது, முழுப் போலி. போலிக்குக் கொடுத்த பணம் திரும்பி வந்துவிட்டது. மறு அச்சுக்குக் கொடுத்தது வரவில்லை; வராததற்கான காரணம்தான் எல்லோரும் அறிய வேண்டியது.

1949 அக்டோபர் 1 அன்று குடியரசு அறிவிக்கப்பட்டது. ஒரே வாரத்தில், அக்டோபர் 8 அன்று, மக்கள் அரசியல் கலந்தாய்வு மாநாட்டின் முதல் கூட்டத்தைக் கொண்டாடும் வகையில் 30, 50, 100, 200 யுவான் மதிப்புகளில் நான்கு அஞ்சல் தலைகள் வெளிவந்தன. பணவீக்கத்தால் மதிப்பிழந்திருந்த பழைய நாணயத்தின் மதிப்புகள் அவை. 1955 மார்ச் மாதம் 10,000 பழைய யுவானுக்கு ஒரு புதிய யுவான் என்று நாணயம் மாற்றப்பட்டது. அஞ்சல் தலைச் சேகரிப்புக்கான அரசு நிறுவனம் உருவானதும் அதே ஆண்டில்தான். உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் சேகரிப்பாளர்களுக்கு விற்பதற்காகத் தொடக்க காலத் தொகுதிகள் பல அப்போது மீண்டும் அச்சிடப்பட்டன. பிக்காசோவின் புறா இடம்பெற்ற 1950, 1951ஆம் ஆண்டுத் தொகுதிகளுக்கும் இத்தகைய மறு அச்சுகள் உண்டு.

அரசே அச்சிட்டதால் இவை போலி ஆகா. ஆனால் கடிதத்தில் ஒட்டுவதற்காக அன்றி ஆல்பத்தில் வைப்பதற்காகவே பிறந்தவை. முதல் அச்சின் விலையில் ஒரு சிறு பங்கே பெறுபவை. வடிவமைப்பின் சில கோடுகளில் மட்டும் நுண்ணிய வேறுபாடு இருக்கும். அதை உருப்பெருக்கிய படங்களோடு காட்டும் விலைப்பட்டியல் நூலை அருகில் வைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியாகப் பார்த்தால்தான் பிடிபடும். விற்பனைப் பக்கத்தில் போடப்படும் சிறிய ஒளிப்படத்தில் எதுவும் தெரியாது. இந்த இடைவெளியில்தான் அந்த வணிகரின் பிழைப்பு நடக்கிறது.

அவருடைய விளம்பரத்தில் “முதல் அச்சு, பயன்படுத்தப்படாதது, மூலப் பசை முழுமையாக உள்ளது” என்று இருந்தது. அந்த முதல் தொகுதி பசையே பூசப்படாமல் வெளியானது. அக்காலச் சீன அஞ்சல் தலைகள் பலவும் அப்படித்தான். அனுப்புகிறவரே பசை தடவி ஒட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு வந்தவற்றின் பின்புறத்திலோ பளபளப்பான பசை இருந்தது. துளை ஓரத்துப் பற்களின் நுனி வரை அது வழிந்து காய்ந்து விறைத்திருந்ததால், தாளைத் துளையிட்டுப் பிரித்த பிறகே பசை பூசப்பட்டிருக்கிறது என்பது உறுதி. இந்தத் தொகுதிக்கு “மூலப் பசை” என்று யார் எழுதினாலும் அவரிடம் வாங்காதீர்கள். விளம்பரப் படத்தையும் கையில் இருந்ததையும் பல் பல்லாக ஒப்பிட்டேன். படத்தில் இருந்தவை வேறு அஞ்சல் தலைகள்.

விளக்கம் கேட்டு எழுதினேன். “சீன அரசு அச்சிட்டதை எப்படிப் போலி என்கிறீர்கள்?” என்று பதில் வந்தது. நான் போலி என்ற சொல்லையே பயன்படுத்தவில்லை. பணம் செலுத்த நான் பயன்படுத்திய இணையச் சேவையிடம் முறையிட்டபோதும் அதே வாதத்தைத்தான் முன்வைத்தார். கூடவே “நிபுணர் சான்று” என்று ஒரு தாளையும் காட்டினார். அதில் “உண்மையான அஞ்சல் தலை” என்பதற்கு மேல் எதுவும் இல்லை. வரிசை எண் இல்லை, படம் இல்லை, எந்த அச்சு என்ற குறிப்பும் இல்லை. முறையான சான்றிதழில் அந்த அஞ்சல் தலையின் ஒளிப்படமே பதிந்திருக்கும். மறு அச்சு என்றால் மறு அச்சு என்றே எழுதியிருக்கும். இருந்தும் அந்தத் தாளை ஏற்று என் முறையீட்டைத் தள்ளுபடி செய்தார்கள். போலி விற்பவனைவிட இப்படி உண்மையைப் பாதியாக நறுக்கி விற்பவனே ஆபத்தானவன் என்பது என் உறுதியான கருத்து.

குரங்கு விஷயம் இவ்வளவு சிக்கலானதன்று. 1980 பிப்ரவரி 15 அன்று, சீனாவின் முதல் ராசி ஆண்டு வரிசையின் தொடக்கமாக, 8 ஃபென் (யுவானில் நூறில் ஒரு பங்கு ஒரு ஃபென்) மதிப்பில் வெளியானது அது. ஹுவாங் யோங்யு வரைந்த குரங்கை ஷாவோ போலின் செதுக்கு அச்சுக்கு, அதாவது கோடுகள் செதுக்கிய தகட்டிலிருந்து அச்சிடும் முறைக்கு, ஏற்ப வடிவமைத்தார். சிவப்புப் பின்னணியின் மேல் கறுப்பு மயிர் ஒவ்வொன்றும் தனிக் கோடாக எழும்பி நிற்கும்; விரல் நுனிக்கே அந்த மேடு தெரியும். என்னிடம் வந்தது வழவழவென்று இருந்தது. லென்ஸில் பார்த்தால் மயிர்க் கோடுகள் வெறும் புள்ளிகளாகச் சிதறின. படங்களை அனுப்பியதும் சேவை நிறுவனம் அதற்குரிய தொகையைத் திருப்பித் தந்தது.

அதே வணிகர் இப்போது 1897ஆம் ஆண்டின் சிவப்பு வருவாய் வில்லைகளில் (வரி வில்லைகளின் மேல் புதிய மதிப்பை அச்சிட்டு அஞ்சல் தலையாக்கியவை) மிக அரிதான, சிறிய எழுத்தில் ஒரு டாலர் மேலச்சு கொண்ட வகையையும் விற்பனைக்கு வைத்திருக்கிறார். உலகம் முழுவதிலும் முப்பதுக்குச் சற்று மேற்பட்டவையே அறியப்பட்டுள்ள அந்த வகைக்கு அவர் கேட்கும் விலை, ஒரு நடுத்தரக் கைப்பேசியின் விலை.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்போர், தமக்கு அனுப்பப்படவிருக்கும் அதே அஞ்சல் தலையின் முன்புறத்தையும் பின்புறத்தையும் ஸ்கேன் செய்து பெரிய அளவில் அனுப்பச் சொல்லி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். விலைச்சீட்டில் “1949 முதல் அச்சு; மறு அச்சு எனத் தெரியவந்தால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்” என்ற வரியையும் எழுதித் தரக் கேளுங்கள். பின்னர் வேறொரு விற்பனையாளரிடம் நான் இதைக் கேட்டபோது அவர் தயங்காமல் எழுதித் தந்தார். என்னை ஏமாற்றியவரிடம் நண்பர் ஒருவர் வாங்குபவராக அணுகி அதே வரியைக் கேட்டுப் பார்த்தார். அதுவரை உடனுக்குடன் பதில் அளித்து வந்தவர், அத்துடன் பேச்சை நிறுத்திக்கொண்டார்.