ரசிகர்கள் தொடங்கிய இரண்டு கால்பந்து கிளப்கள்: விம்பிள்டனா, மான்செஸ்டரா?

இரண்டுமே கோபத்தில் பிறந்தவை. விம்பிள்டன் எஃப்சியை லண்டனிலிருந்து மில்டன் கீன்ஸுக்கு மாற்ற 2002-இல் அனுமதி கிடைத்ததும், ரசிகர்கள் ஏஎஃப்சி விம்பிள்டனைத் தொடங்கினார்கள். ஆட்டக்காரர்களுக்கான தேர்வை விம்பிள்டன் பொதுத்திடலில் நடத்தினார்கள். யார் வேண்டுமானாலும் வந்து ஆடிக்காட்டலாம்! 2005-இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் பெரும்பாலும் கடன் பணத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கியது. அதைப் பொறுக்காதவர்கள் உருவாக்கியது எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர்.

இங்கிலாந்து லீக்கின் படிநிலைகளில் ஏறிய உயரத்தில் விம்பிள்டன்தான் முன்னே. லீக் ஆட்டங்களில் தொடர்ந்து 78 முறை தோற்காமல் ஆடியது. 2011-இல் லூட்டன் கிளப்பை பெனால்டியில் வென்று, தொழில்முறை கிளப்கள் ஆடும் ஃபுட்பால் லீக்கிற்குள் நுழைந்தது. 2020-இல் பழைய மைதானம் இருந்த பிளவ் லேனுக்கே திரும்பியது. எஃப்சி யுனைடெட்டும் முதல் மூன்று ஆண்டுகளில் மூன்று படி ஏறியது. 2010-இல் எஃப்ஏ கோப்பையில், தன்னைவிட மேல் நிலையில் ஆடிய ராச்டேல் கிளப்பை 3-2 என வீழ்த்தியது. ஆனால் 2015-இல் ஆறாம் நிலை வரை போய், 2019-இல் இறங்கிவிட்டது.

காரணம் எளிது என்று நினைக்கிறேன். விம்பிள்டன்காரர்களுக்கு ஆதரிக்க வேறு கிளப் இல்லை. மான்செஸ்டரிலோ யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டு அங்கேயேதான் இருக்கிறது. விட்டு வந்தவர்களை அது இழுக்காமல் இருக்குமா?

சரி, கொள்கைப் பிடிவாதம்? அதில் என் ஓட்டு எஃப்சி யுனைடெட்டுக்கு. உறுப்பினருக்கு ஒரு வாக்குதான், எவ்வளவு பணம் போட்டிருந்தாலும். சட்டையில் விளம்பரம் கிடையாது. மாஸ்டனில் 2015-இல் திறந்த பிராட்ஹர்ஸ்ட் பார்க் மைதானத்துக்கு ரசிகர்கள் சமூகப் பங்குகள் வாங்கியே 20 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள்.