சேற்றில் இறங்க ஒரு நடுத்தர ஏ.ரீ.வீ: கடைக்குப் போகும் முன் பார்க்க வேண்டியவை

நடுத்தர ஏ.ரீ.வீ (காடு, மேடு, சேறு என்று பாராமல் ஓட்டும் நான்கு சில்லு வண்டி) வாங்கப் போகிறவர் முதலில் செய்யும் பிழை, வண்டியின் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் கொண்டு ஒன்றோடொன்று ஒப்பிடுவது. நானும் அதைத்தான் செய்தேன். ஹொண்டா ராஞ்சர் 420 இல் உண்மையாகவே 420 சிசி இயந்திரம் இருக்கிறது. யமஹா கோடியாக் 450 இல் இருப்பது 421 சிசி. சுசுகி கிங்குவாட் 400 இல் 376 சிசி. 2023 மாதிரியாகப் புதிதாக வடிவமைக்கப்பட்ட கான்-ஆம் அவுட்லாண்டர் 500 இலோ 40 குதிரைவலு தரும் 650 சிசி இயந்திரம் பொருத்தப்பட்டிருக்கிறது. 420 க்கும் 450 க்கும் நடுவே இருப்பது ஒரேயொரு சிசி என்று தெரிந்த பின்னும் அந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க யாருக்கும் மனம் வராது. சேற்றில் வண்டி போகுமா நிற்குமா என்பதை இயந்திரத்தின் அளவு தீர்மானிப்பதில்லை. அந்த வலு எந்த வழியாக எந்தச் சில்லுக்குப் போய்ச் சேருகிறது என்பதே தீர்மானிக்கிறது.

கனடாவின் ஒன்ராறியோவில் ஓட்டிப் பழகியதை வைத்தே இதை எழுதுகிறேன். பரி சவுண்டை நோக்கிப் போகும் செகுயின் பாதை ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம் என்பதால் அகலமாகவும் பெரும்பாலும் மட்டமாகவும் இருக்கும். அதில் எந்த வண்டியும் ஓடும். ஆனால் இப்பகுதியில் அத்தகைய தடத்தை விட்டுக் கிளைப்பாதைகளில் இறங்கினால் கருங்கல் மேடுகளும் அவற்றுக்கிடையே பள்ளங்களும் மாறிமாறி வரும். மரங்களை அரிந்து நீரோடைகளை மறிக்கும் பீவர் என்ற விலங்குகள் அணை கட்டிய இடங்களில் பாதையே குளமாகி, அழுகிய இலையும் கரிய மண்ணும் கலந்த ஒரு கூழ் முழங்கால் ஆழத்துக்குக் கிடக்கும். அதற்குள் காலை வைத்தால் சப்பாத்து மட்டும் உள்ளே தங்கிவிடும். இந்தக் கூழுக்கு அடியில் சில இடங்களில் பாறை உண்டு, சில இடங்களில் அடியே தட்டாது.

இப்படிப்பட்ட இடத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, முன் டிஃபரென்ஷியல், அதாவது இரு முன் சில்லுகளுக்கும் வலுவைப் பங்கிடும் பல்சக்கரப் பெட்டி, எப்படிப்பட்டது என்பதே. சாதாரண டிஃபரென்ஷியலின் இயல்பு, எந்தச் சில்லுக்குத் தடை குறைவோ அதையே சுழல விடுவது. முன் சில்லுகளில் ஒன்று சேற்றில் வழுக்கத் தொடங்கினால் அது மட்டும் வெறுமனே சுற்ற, நல்ல தரையில் நிற்கும் மற்றச் சில்லு சும்மா இருக்கும். நான்கு சில்லு இழுவை என்று பெயர் வைத்த வண்டி அந்த நேரத்தில் மூன்று சில்லு வண்டிதான். வன்னியில் மசி பேர்கசன் உழவு இயந்திரம் ஓட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: வயலில் ஒரு பின் சில்லு புதைந்து சுற்றும்போது காலால் மிதித்து இரு சில்லுகளையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் டிஃப் லொக் செய்வதைத்தான் இங்கேயும் எதிர்பார்க்கிறோம்.

இந்த ஒரு விடயத்தில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வழி போயிருக்கிறது. ராஞ்சரில் முன் டிஃபரென்ஷியலைப் பூட்டும் வசதி இல்லை. விசைக்கேற்ப வலுவை ஓரளவு பங்கிடும் அமைப்பு மட்டும் உண்டு. காட்டுப் பாதைக்கு அது போதும், ஆழச் சேற்றுக்குப் போதாது. பொலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மன் 570 இல் ஆளி ஒன்றை அழுத்திவிட்டால் போதும். பின் சில்லுகள் வழுக்குவதை உணர்ந்து முன் சில்லுகள் இரண்டும் தாமாகவே சேர்ந்து இழுக்கத் தொடங்கும், வழுக்கல் நின்றதும் விலகிக்கொள்ளும். ஓட்டுபவருக்கு வேலையே இல்லாத அருமையான ஏற்பாடு இது. ஆனாலும் பின் சில்லு வழுக்கிய பிறகுதான் முன் சில்லு எழுந்து வரும் என்பதால், கூழ் போன்ற சேற்றில் அந்தச் சிறு இடைவெளிக்குள் பின் சில்லு தனக்கென ஒரு குழியைத் தோண்டிவிடும். கான்-ஆமின் விஸ்கோ-லொக், இரு முன் சில்லுகளின் வேக வித்தியாசத்தால் தடித்த திரவத்தில் எழும் அழுத்தத்தைக் கொண்டு படிப்படியாக இறுகுவது. அதற்கும் ஒரு கணத் தாமதம் உண்டு. சுசுகி கிங்குவாட் 500 இலும் சிஎஃப்மோட்டோ சிஃபோர்ஸ் 500 இலும் ஓட்டுபவரே பூட்டும் டிஃப் லொக் இருக்கிறது. சேற்றுக்குள் போகும் முன்பே பூட்டிவிடலாம் என்பதுதான் இதன் முழுப் பலன். பூட்டியிருக்கும்போது வண்டி நேராகப் போகவே விரும்பும், கைபிடியைத் திருப்புவது மல்லுக்கட்டுவது போல இருக்கும். ஆகவே மறுகரை ஏறியதும் விடுவித்துவிட வேண்டும். ஒரே பெயரில் விற்கப்படும் வண்டியில்கூட மலிவான பதிப்புக்கும் விலை கூடிய பதிப்புக்கும் இந்த வசதி வேறுபடலாம் என்பதால், விற்பனையாளரின் வாய்மொழியை நம்பாமல் கைபிடியில் அந்த ஆளி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது பெல்ற். இந்த வகை வண்டிகளில் பெரும்பாலானவை ஸ்கூட்டரைப் போல இரு கப்பிகளுக்கிடையே ஓடும் இறப்பர் பெல்ற் மூலம் வலுவைக் கடத்துகின்றன. கியர் மாற்றும் தொல்லை இல்லை, பழகுவதும் எளிது. அதன் எதிரி தண்ணீர். பெல்ற் இருக்கும் பெட்டிக்குக் காற்று இழுக்கும் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை எந்த விளம்பரமும் பெரிய எழுத்தில் சொல்லாது. இருக்கையைத் தூக்கி நாமே பார்க்க வேண்டும். ஓட்டத் தொடங்கிய முதல் ஆண்டில், கால் வைக்கும் பலகைக்கு மேல் தண்ணீர் ஏறிய பின்னும் நிற்காமல் போனேன். இயந்திரம் அலறியது, வண்டி அசையவில்லை. தேய்ந்த இறப்பர் கருகும் நாற்றம் முதலில் வந்தது, பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. குற்றம் முழுக்க என்னுடையது. இழுத்துக் கரை சேர்த்த பின், கூட வந்தவர் பெல்ற் பெட்டியின் அடியில் இருக்கும் சிறிய அடைப்பைக் கழற்றினார். ஒரு தேநீர்க் கோப்பை அளவு பழுப்புத் தண்ணீர் கொட்டியது. நியூட்ரலில் வைத்து இயந்திரத்தை இரண்டு நிமிடம் முடுக்க, மிச்சமும் சிதறி வெளியே வந்தது. அதன் பிறகு சேற்றிலும் ஏற்றத்திலும் தாழ்ந்த கியரை விட்டு நான் மாறுவதே இல்லை, ஏனெனில் உயர்ந்த கியரில் மெதுவாகத் திணறும்போதுதான் பெல்ற் வழுக்கிச் சூடேறுகிறது.

ராஞ்சரின் பெருமை இந்த இடத்தில்தான் விளங்கும். அதில் பெல்ற்றே இல்லை. மோட்டார் சைக்கிளில் உள்ளதைப் போலக் காலால் மாற்றும் கியரும், விரலால் பொத்தானை அழுத்தி மாற்றும் கியரும், இரட்டைக் கிளச் கொண்ட தானியங்கி கியரும் என்று தெரிவுகள் உண்டு. எதை எடுத்தாலும் உள்ளே பல்லோடு பல் பொருந்தும் சக்கரங்கள்தான். முன்னும் பின்னும் போகும் இழுவைத் தண்டுகளுக்கு நேராக வலு செல்லும்படி இயந்திரமும் நீளவாக்கில் வைக்கப்பட்டிருக்கிறது. நீர் நிறைந்த பாதையில் ஓட்டுபவர் ஒருவர் டிஃப் லொக் இல்லாத குறையையும் பொறுத்துக்கொண்டு இதையே வாங்கினால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ராஞ்சரை எடுப்பவர் பின் அச்சைப் பற்றியும் ஒரு முடிவுக்கு வர வேண்டும். இரு பின் சில்லுகளையும் ஒரே தண்டு இணைக்கும் பதிப்பு மலிவானது, பாரம் இழுக்கும்போது பின்பக்கம் அதிகம் தாழாதது, பழுதாகும் பாகங்களும் குறைவு. ஆனால் அந்தத் தண்டின் நடுவே இருக்கும் கியர்ப் பெட்டி தாழத் தொங்கும். பெரிய வண்டிகள் போய் இரண்டு பக்கமும் ஆழத் தடம் விழுந்த சேற்றில் அது நடு மேட்டைக் கலப்பை போல உழுதுகொண்டு போய், கடைசியில் அதன்மேலேயே குந்திவிடும். சில்லுகள் தனித்தனியே ஏறி இறங்கும் பதிப்பில் நடுப்பகுதி உயர்ந்தே இருக்கும். பாறைமேல் முதுகும் தப்பும்.

ரயரைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. இந்த வண்டிகள் பலவற்றில் கடையிலிருந்தே வரும் 25 அங்குல ரயர்கள் காட்டுப் பாதைக்கு நன்றாக உழைக்கும், ஒட்டும் சேற்றில் பற்கள் அடைபட்டு வழவழவென்று ஆகிவிடும். ஆழமான, இடைவெளி விட்ட பற்கள் கொண்டதை அதே 25 அங்குலத்தில் போடுங்கள். 27 அங்குலத்துக்குப் போனால் வண்டி உயரும், ஆனால் சில்லின் பாரமும் சுற்றளவும் கூடுவதால் நடுத்தர இயந்திரம் திணறும், பெல்ற்றும் சீக்கிரம் தேயும்.

வின்ச் (புதைந்த வண்டியைக் கம்பி வடத்தால் இழுத்தெடுக்கும் கருவி) இல்லாமல் தனியே சேற்றுக்குப் போகவே கூடாது. சிஃபோர்ஸ் 500 இல் அது வண்டியோடு சேர்ந்தே வருகிறது. மற்றவற்றுக்கு அதன் விலையையும் பொருத்துக்கூலியையும் கூட்டிப் பார்த்த பிறகுதான் எது மலிவு என்று பேச முடியும். பவர் ஸ்ரியரிங் ஆடம்பரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். டிஃப் லொக்கைப் பூட்டிக்கொண்டு வேர்களின் மேல் ஒரு மணி நேரம் ஓட்டிய பின் மணிக்கட்டு வேறு கதை சொன்னது.

பழைய வண்டி வாங்குவோருக்கு ஒரு சொல். நான் ஒருமுறை ஒரு விற்பனையாளரிடம் பளபளவென்று கழுவி வைத்த வண்டியொன்றை முன்பணம் கொடுத்துப் பிடித்துவிட்டு, பிறகு பின் டிஃபரென்ஷியலின் அடைப்பைக் கழற்றிப் பார்க்கக் கேட்டேன். வந்த ஒயில் தேன் நிறத்தில் இல்லை. பால் விட்ட தேநீரின் நிறத்தில் இருந்தது. தண்ணீர் புகுந்து நெடுநாள் ஊறியிருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை. முன்பணத்தைத் திரும்பப் பெற மூன்று கிழமை அலைந்தேன். வரிசையை மாற்றிச் செய்யுங்கள்: முதலில் ஒயில், அடுத்து அச்சு முனைகளில் உள்ள இறப்பர் உறைகள் கிழிந்திருக்கின்றனவா என்ற சோதனை, பிறகு ரேடியேற்றரின் இடுக்குகளில் காய்ந்த சேறு, கடைசியாகப் பணம்.

நான் எடுத்தது பவர் ஸ்ரியரிங் உள்ள கிங்குவாட் 500. 493 சிசி இயந்திரம், தனித்தனியே அசையும் பின் சில்லுகள், தரைக்கும் வண்டிக்கும் இடையே 260 மில்லிமீற்றர், 17.5 லீற்றர் தாங்கி என்பன ஒரு பக்கம் இருக்க, என்னை இழுத்தவை இரண்டு. ஒன்று டிஃப் லொக். பூட்டியதும் வேகத்தை மட்டுப்படுத்துகிறது, ஆனால் சேற்றில் முழு வலுவும் வேண்டிய தறுவாயில் அந்த மட்டுப்பாட்டை நீக்க ஒரு பொத்தானும் இருக்கிறது. மற்றது ஒயிலில் மூழ்கி மூடிய பெட்டிக்குள் இருக்கும் பின் பிறேக். மணலும் சேறும் அதை அரிப்பதில்லை. குறையும் உண்டு. 300 கிலோவைத் தாண்டும் இந்த வண்டி கவிழ்ந்தால் தனியொருவர் நிமிர்த்துவது நடக்காத காரியம், பெல்ற்றும் இருக்கிறது. சுமை ஏற்றி விறகு இழுப்பதோடு எப்போதாவது சேறு பார்ப்பவருக்கு ஒற்றை அச்சு ராஞ்சரே போதும். ஆளியை அழுத்திவிட்டு மறந்துவிட விரும்புபவரும், 44 குதிரைவலுவின் உதையை விரும்புபவரும் ஸ்போர்ட்ஸ்மன் 570 இல் உட்கார்ந்து பார்க்கலாம். எதை எடுத்தாலும், சொந்தக் காணிக்கு வெளியே ஓட்ட ஒன்ராறியோவில் இலக்கத் தகடும் காப்புறுதியும் தலைக்கவசமும் கட்டாயம் என்பதால், பேரம் பேசும்போதே அந்தச் செலவையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.